கறுப்பு முடி ஒரே நாளில் பொன்னிறமாகுமாம்!

"ஒண்டும் ஆகாது தங்கச்சி, பயப்பிடாதேங்கோ. இண்டைக்கே வெள்ளையாக்கித் தாறம்."

கொழும்பில் வெள்ளவத்தை தொடங்கி கொட்டாஞ்சேனை வரைக்கும் இந்த ஒரு வசனத்தை நம்பி சலூன் கதிரையில் இருந்து, கழுவும்போது முடி கொத்தாகக் கையோடு வந்தபிறகு அழுகிற பிள்ளைகள் எத்தனை பேர்! சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலையா இது?

பிளீச் முடிக்கு நிறம் பூசுவதில்லை. உள்ளே புகுந்து இருக்கிற நிறத்தை அழிக்கிறது. பிளீச் பவுடரில் உள்ள பேர்சல்பேட் உப்பும், அதோடு கலக்கிற டெவலப்பர் என்ற திரவத்தில் உள்ள ஹைட்ரஜன் பெரொக்சைட்டும் சேர்ந்து, முடிக்கு நிறம் தருகிற மெலனினை உடைக்கும்போது, முடியைத் தாங்கி நிற்கிற கந்தகப் பிணைப்புகளும் சேர்ந்தே உடைகின்றன. முடியின் மேலே இயற்கையாக இருக்கிற மெல்லிய கொழுப்புப் படலமும் போய்விடும். அதனால்தான் பிளீச் பண்ணிய முடி தண்ணியை உறிஞ்சும், கொழும்பின் ஈரக்காற்றுக்குப் பஞ்சாகப் பொங்கும். எங்கட கறுப்பு முடி முதலில் செங்கல் நிறமாகும், பிறகு செம்மஞ்சள், பிறகு மஞ்சள், கடைசியில் தென்னங்குருத்தின் வெளிர்மஞ்சள். அங்கேயே நிறுத்த வேணும். அந்த மஞ்சள் முடிப் புரதத்தின் சொந்த நிறம். அதையும் வெளுக்கப் போனால் முடிதான் கரையும். வெள்ளையாகக் காட்டுவது, மஞ்சளை அடக்கப் பிறகு பூசுகிற டோனரின் வேலை, பிளீச்சின் வேலை இல்லை.

இவ்வளவு தூரத்தை ஒரே இருப்பில் கடக்கத்தான் 40 வொலியூம் டெவலப்பரைத் தூக்குகிறார்கள். அது 12 சதவீதப் பெரொக்சைட். 20 வொலியூம், அதாவது 6 சதவீதம், மெதுவாகத்தான் போகும். ஆனால் எந்த நிமிஷத்தில் நிறுத்துவது என்று பார்க்க நேரம் தரும். பொறுமையாக இரண்டு மூன்று தரம், இடையில் குறைந்தது 4 முதல் 6 வாரம் விட்டுச் செய்வதுதான் முறை. கலவையையாவது அளந்து போடுகிறார்களா? பவுடர் பாக்கெட்டில் 1க்கு 2 என்று போட்டிருந்தால் 30 கிராம் பவுடருக்கு 60 மில்லிலீட்டர் டெவலப்பர். ஒரு சின்னத் தராசு வாங்க முடியாதா? கண்மதிப்பில் கொட்டினால் ஒரு பக்கம் செம்மஞ்சளும் மறுபக்கம் மஞ்சளுமாகத்தான் வரும். தலைத்தோலை ஒட்டிய அடிமுடியில் முதலே பூசுவது இன்னொரு கொடுமை. தலைச்சூட்டில் அந்த ஒன்றரை சென்டிமீட்டர் வேகமாக வெளுத்துவிடும். அதைக் கடைசியில்தான் தொட வேணும்.

எல்லாவற்றையும் விட எரிச்சல், ஒன்றையுமே கேட்காமல் கலக்கத் தொடங்குவது. முடி மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். இடுப்பளவு முடியின் நுனிக்கு ஐந்து வயது! அந்த ஐந்து வருஷத்தில் மருதோண்டி வைத்தாளா, கறுப்பு டை அடித்தாளா, முடியை நேராக்குகிற ரீபொண்டிங் செய்தாளா என்று கேட்க வாய் வலிக்கிறதா? ரீபொண்டிங் செய்த முடியில் பிணைப்புகள் ஏற்கெனவே ஒருதரம் உடைந்தவை. அவுரி (நீலச்சாயம் தருகிற செடி) சேர்த்த மருதோண்டிப் பவுடர் வைத்திருந்தால் பச்சை அடிக்கும். உலோக உப்புக் கலந்த மலிவு டை என்றால் பெரொக்சைட் பட்டதும் முடி கொதிக்கும், சிலவேளை புகையும்.

முழுத் தலைக்கும் பூசமுன், காதுக்குப் பின்னால் 20 முடி எடுத்து, அதே கலவையைப் பூசி அலுமினியத் தாளில் சுற்றி, ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் திறந்து பாருங்கோ. கழுவியபின் ஈர முடி ஒன்றை இரண்டு விரலுக்கிடையில் மெல்ல இழுங்கோ. கொஞ்சம் நீண்டு திரும்பிச் சுருங்கினால் நல்லது. சூயிங்கம் மாதிரி இழுபட்டு, திரும்பாமல், நடுவில் மெலிந்து அறுந்தால் அன்றைக்கு வேலை அவ்வளவுதான். அரைமணித்தியாலச் சோலி. இதைச் செய்ய மறுக்கிற இடத்தில் இருக்காதேங்கோ. தலை பற்றி எரிந்தால் "பொறுங்கோ" என்பார்கள். பொறுக்க வேண்டாம், உடனே கழுவச் சொல்லுங்கோ. ஜன்னல் இல்லாத ஏசி அறையில் அந்தப் பவுடரைத் தூசியாகக் கிளப்பிக் கலக்கிற பிள்ளைகளை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. பேர்சல்பேட் ஆஸ்துமா தரும் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

முடி உடைந்ததும் வருகிற பதில், "உங்கட வீட்டுத் தண்ணி சரியில்லை." இரும்பு கூடின கிணற்றுத் தண்ணி நிறத்தைச் செம்பட்டையாக்கும், உண்மை. ஒரே நாளில் முடியை அறுக்காது!

வீட்டில் என்ன செய்வது என்றும் சொல்லி அனுப்புவதில்லை. முழுகுவதற்குச் சில மணித்தியாலம் முன்பு தேங்காய் எண்ணெய் தடவினால் கழுவும்போது புரத இழப்புக் குறையும். வாரம் இரண்டு தரம் முழுகினால் போதும், ஒவ்வொரு தரமும் கொண்டிஷனர். ஊதா ஷம்பு மஞ்சளுக்குத்தான். செம்மஞ்சளுக்கு நீல ஷம்பு வேணும். வாரம் ஒருதரம், 2 முதல் 5 நிமிஷம். துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடுங்கோ. நீச்சல் தடாகத்துக்குப் போகமுன் நல்ல தண்ணியில் முடியை நனைத்துக் கொள்ளுங்கோ, இல்லாவிட்டால் அந்தத் தண்ணியின் செப்பு ஏறிப் பச்சையாகும். ஸ்ட்ரெய்ட்னரைக் கொஞ்ச மாதம் தொடாதேங்கோ.

சூயிங்கம் மாதிரி ஆகிப்போன முடியைப் பழையபடி ஆக்கித் தருகிறோம் என்று கெரட்டின் (முடிப் புரதம்) ட்ரீட்மென்ட் விற்பதுதான் கடைசிக் கொள்ளை. அது மேலே பூச்சுப் போல ஒட்டியிருந்துவிட்டு, கழுவக் கழுவப் போய்விடும். கெட்ட இடத்தைக் கத்தரிக்கோலால் வெட்டத்தான் வேணும், அந்த வெட்டுக்காவது காசு வாங்காதேங்கோ!