முகவரியை அழித்த ஒரு வரி

போன வாரம் அப்பா கைப்பேசியில் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். நான்கு வரி முகவரியைப் பொறுமையாகத் தட்டி முடித்த பிறகுதான் கதவு எண்ணில் ஓர் இலக்கம் விட்டுப்போனதைக் கண்டார். அந்தப் பெட்டியை மறுபடி தொட்டதும் முகவரி முழுவதும் நீலமானது. அவர் அதைக் கவனிக்கவில்லை. 7 என்று அடித்தார். நான்கு வரிகளும் போய் 7 மட்டும் நின்றது. "நான் என்ன தவறு செய்தேன்?" என்று என்னைக் கேட்டார்.

அவர் ஒரு தவறும் செய்யவில்லை. பெட்டிக்கு ஃபோகஸ் வந்ததும், அதாவது தட்டெழுத அதைத் தொட்டதும், உள்ளே இருப்பதையெல்லாம் தேர்ந்தெடுக்கச் சொல்லி யாரோ இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 'செலக்ட்' என்று ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். நகலெடுப்பதற்காகக் காட்டும் இணைப்புக்கு அந்த வரி பொருத்தம். கடைக் கூடையில் 1 என்று நிற்கும் எண்ணிக்கைப் பெட்டிக்கும் பொருத்தம். அங்கே முழுவதையும் எடுப்போம், அல்லது முழுவதையும் மாற்றுவோம். பெயரையும் முகவரியையும் தொடுபவர் திருத்த வருகிறார். அவர் உழைப்பை ஒரு விரல் தட்டலில் அழியும் நிலைக்குக் கொண்டுபோக நமக்கு என்ன உரிமை?

இதே அலட்சியத்தின் இன்னொரு முகம், அடுத்த எழுத்து விழும் இடத்தைக் காட்டும் கர்சர் கடைசிக்கு ஓடுவது. வண்டி எண்ணின் நடுவே விட்டுப்போன எழுத்தைச் சேர்க்கிறோம். அதைப் பெரிய எழுத்தாக்க நிரல் பெட்டியில் உள்ளதை மாற்றி எழுதுகிறது. கர்சர் கடைசிக்குப் போய்விடுகிறது. மாற்றும் முன் 'செலக்‌ஷன்ஸ்டார்ட்' என்ற, கர்சர் நிற்கும் இடத்தைச் சொல்லும் எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு 'செட்செலக்‌ஷன்ரேஞ்ச்' என்ற கட்டளை மூலம் கர்சரை அங்கேயே நிறுத்தினால் போதும். மின்னஞ்சல் வகைப் பெட்டியில் இது பிழை காட்டும். ஆகவே அங்கே பயனர் பெட்டியை விட்டு வெளியேறும்வரை எதையும் மாற்றாதீர்கள்.

தமிழுக்கு இன்னும் கவனம் வேண்டும். இந்த எண்கள் யூடிஎஃப்-16 அலகுகளை, அதாவது நிரல் எழுத்துகளைச் சேமிக்கும் துண்டுகளை, எண்ணுகின்றன, எழுத்துகளை அல்ல. 'தமிழ்' நமக்கு 3 எழுத்து, நிரலுக்கு 5. ஊர்ப் பெட்டியில் 'க' அடித்ததும் 'கோயம்புத்தூர்' என்று நிரப்பி, மீதியை, அதாவது முதல் அலகுக்குப் பின்னுள்ளதை, தேர்ந்தெடுத்தால், எல்லை ககரத்துக்கும் ஓகாரக் குறிக்கும் நடுவில் விழுகிறது. எழுத்தாகப் பிரித்துத் தர ஜாவாஸ்கிரிப்டில் 'இன்டல் செக்மென்டர்' என்ற கருவி இருக்கிறது. பயர்பாக்ஸ் உலாவியிலும் 2024இல் வந்துவிட்டது. தமிழ்ப் படிவம் செய்பவர்கள் அதைப் பயன்படுத்தாமலிருக்க இனிக் காரணமில்லை.

படிவம் எழுதும் நண்பர்களே, உங்கள் நிரலில் 'செலக்ட்' எங்கெல்லாம் அழைக்கப்படுகிறது என்று இன்றே தேடிப் பாருங்கள். முகவரிப் பெட்டியில் இருந்தால் எடுத்துவிடுங்கள்.