மனசு இருந்தா போதுமா, இன்ச் டேப் வேண்டாமா?

அந்த வீடியோவை இன்னும் எத்தனை பேர் அனுப்புவீர்கள்? பார்த்தாச்சு. நாலு தடவை பார்த்தாச்சு. பேசியவர் யார், எந்த மண்டபம் என்று இங்கே எழுதப்போவதில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கான வழிகாட்டுக் கூட்டம். நடுவில் ஒரு பையனுக்கு மேடையில் வீல்சேர் வழங்கல், சால்வை, போட்டோ. அதைப் பார்த்துவிட்டு ஒரு பொண்ணு மைக் வாங்கிக் கேட்கிறாள்: "சார், இந்த மாதிரி வீல்சேர் சம்பந்தமான வேலைக்குப் போகணும்னா என்ன படிக்கணும்?" அன்றைக்கு அந்த மண்டபத்தில் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி. பதில் என்ன? "இதுக்கெல்லாம் படிப்பு எதுக்கும்மா, மனசு இருந்தா போதும்." அதற்கும் கைதட்டல்.

மனசு இருந்தா போதும். சரி, அந்த மனசு கொடுத்த நாற்காலியைப் பார்ப்போம்.

பையனுக்குப் பத்து வயசு இருக்கலாம். கொடுத்தது பெரியவர்களுக்கான மடக்கு நாற்காலி, 18 இன்ச் சீட். அதாவது 46 சென்டிமீட்டர். அந்த வயசுப் பிள்ளைக்கு உட்கார்ந்த நிலையில் இடுப்பு அகலம் 26, 27 சென்டிமீட்டர் இருக்கும். மீதி 19 சென்டிமீட்டர் காலி. அந்தக் காலி இடத்தில் உடம்பு ஒரு பக்கமாகத்தான் சாயும். வளர்கிற பிள்ளை தினமும் எட்டு மணி நேரம் சாய்ந்தே உட்கார்ந்தால் முதுகெலும்பு கோணலாக வளையும் ஆபத்து உண்டு. சீட்டின் நீளமும் அதிகம். முழங்காலின் பின்பக்கம் சீட் விளிம்பில் இடிக்கும், இடிக்காமல் இருக்க இடுப்பை முன்னால் நழுவவிட்டு, வாலெலும்பில் உட்காருவான். கால் ஃபுட்ரெஸ்ட்டுக்கு எட்டவில்லை, தொங்குகிறது. கையைப் பாருங்கள். ஆர்ம்ரெஸ்ட்டைத் தாண்டி ஹேண்ட் ரிம்மை, அதாவது சக்கரத்தைத் தள்ளுகிற வளையத்தை, பிடிக்கவே முடியவில்லை. தானாகத் தள்ள முடியாத நாற்காலியை "இனி அவன் சொந்தக் காலில் நிற்பான்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இதைத் தவிர்க்க எவ்வளவு படிப்பு வேண்டும்? ஆரம்பத்துக்கு நாலு அளவு. இடுப்பின் அகலம், அதுதான் சீட்டின் அகலம். பிட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை எடுத்து, 3 முதல் 6 சென்டிமீட்டர் கழித்தால் சீட்டின் நீளம். இரண்டு காலையும் தனித்தனியாக அளக்கணும், ஒரு பக்கம் குட்டையாக இருக்கலாம். முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை எடுத்தால், குஷன் மேல்பரப்பிலிருந்து ஃபுட்ரெஸ்ட் இருக்க வேண்டிய தூரம் கிடைக்கும். நாலாவது, சீட்டிலிருந்து தோள்பட்டை எலும்பின் கீழ் முனை வரை. தானாகத் தள்ளுகிறவருக்கு முதுகுச் சாய்மானம் அதற்கு மேலே போகக் கூடாது, போனால் கை பின்னால் போகாது.

நாலு அளவு எடுக்க ரெண்டு நிமிஷம். எடுத்த பிறகுதான் வேலையே. இடுப்பு ஒரு பக்கம் தூக்கியிருந்தால், அது நேராக்கக்கூடிய கோணலா, இறுகிப்போன கோணலா? கையை வைத்து மெல்ல நகர்த்திப் பார்த்துத்தான் முடிவு செய்யணும். நேராகும் என்றால் தாழ்ந்த பக்கத்தில் தாங்கு கொடுத்துத் தூக்கிவிடுவோம். இறுகிப்போனது என்றால் நேராக்கப் போகக் கூடாது, கோணலுக்கு ஏற்றபடி உயர்ந்த பக்கத்து இடைவெளியை நிரப்பி எடையைப் பகிர்ந்து கொடுக்கணும். இரண்டையும் மாற்றிச் செய்தால் தாழ்ந்த பக்கத்து உட்காரும் எலும்புக்கு அடியில் புண் வரும். மனசு எவ்வளவு இருந்தாலும் வரும்.

புண் என்றதும் கொப்புளம் என்று நினைக்காதீர்கள். தண்டுவடம் அடிபட்டவருக்கு அந்த இடத்தில் உணர்ச்சி இருக்காது. வலிக்காது, அதனால் அசைய மாட்டார். தோலுக்குள்ளே எலும்பு அழுத்தி ரத்தம் போகாமல் சதை செத்துப்போகும். வெளியே சிவப்பாகத் தெரியும்போது உள்ளே சேதம் ஏற்கெனவே ஆகியிருக்கலாம். அப்புறம் மாதக்கணக்கில் குப்புறப் படுக்கை, சில நேரம் ஆபரேஷன். தொற்று ரத்தத்தில் கலந்து உயிரே போனவர்கள் உண்டு. கடையில் நாற்காலியோடு வரும் தட்டை ஸ்பாஞ்ச் இருக்கிறதே, சில மாதத்தில் அமுங்கி அட்டை மாதிரி ஆகிவிடும். அடியில் உள்ள ரெக்சின் தொய்ந்து தொட்டில் மாதிரி ஆகும், தொடைகள் இரண்டும் உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம், கை போதும். அவரிடம் சொல்லிவிட்டு, குஷனுக்கும் உட்காரும் எலும்புக்கும் நடுவே விரல்களை மேல் பார்த்தபடி நுழைக்கணும். விரல் நுனியை 5 மில்லிமீட்டர் மேலும் கீழும் அசைக்க முடிந்தால் பரவாயில்லை. அசையவில்லை, ஆனால் உருவ முடிகிறது என்றால் எச்சரிக்கை. உருவவே சிரமம் என்றால் அந்தக் குஷனில் அவரை உட்காரவைத்து அனுப்பக் கூடாது. இரண்டு பக்கமும் பார்க்கணும். இது உலக சுகாதார நிறுவனம் 2012-இல் வெளியிட்ட அடிப்படைப் பயிற்சியிலேயே இருக்கிறது, ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஆனால் கற்றுக்கொள்ளணும். அதைத்தான் அந்தப் பொண்ணு கேட்டாள்.

இப்போது வருவார்கள். "இலவசமா கொடுக்கிறதுக்கும் குறை சொல்றியா? ஒண்ணும் இல்லாததுக்கு இது பரவாயில்லையே?" ஒரு பாதி ஒத்துக்கொள்கிறேன். தரையில் தவழ்கிறவருக்கு எந்த நாற்காலியும் அன்றைக்குப் பெரிசுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்து நிமிஷம் தள்ளிக்கொண்டு போக அந்த 18 இன்ச் நாற்காலி போதும், அதற்குத்தான் அது. வாழ்நாள் முழுக்க அதிலேயே உட்காருகிறவருக்கு அது போதாது. எங்கள் வீல்சேர் பட்டறைக்கு ஒருவர் வந்தார், மூன்று முகாமில் மூன்று நாற்காலி வாங்கியவர். மூன்றும் ஒரே அளவு. ஒன்றில் மாட்டுத்தீவனம் ஏற்றுகிறார்கள், ஒன்று மழையில் துருப்பிடித்துக் கிடக்கிறது, மூன்றாவதில் உட்கார்ந்து புண்ணோடு வந்திருந்தார். கொடுத்த மூன்று பேரும் கணக்கில் ஒரு பயனாளி எழுதியிருப்பார்கள். கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை ஐயா. கொடுக்கும் முன் ஒருவரை அளக்கவிடுங்கள், அவருக்குச் சம்பளம் கொடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-லேயே இதை எட்டுப் படியாக எழுதிவைத்துவிட்டது: பரிந்துரை, மதிப்பீடு, அளவுக்குறிப்பு, நிதி, தயாரிப்பு, பொருத்திப் பார்த்தல், பயிற்சி, பழுதுபார்த்தலோடு தொடர் கவனிப்பு. நம் மேடைகளில் இரண்டே படிதான். நிதி, போட்டோ.

"உனக்கு வியாபாரம், அதான் பேசுறே" என்று ஒருவர் ஏற்கெனவே எழுதிவிட்டார். அவருக்குப் பதில் இல்லை. டாக்டரைப் பார்த்து இதைக் கேட்பாரா?

"சரி, படித்தால் வேலை கிடைக்குமா?" இது நியாயமான கேள்வி, இதற்குத்தான் அந்த மேடையில் பதில் வந்திருக்கணும். நான் சொல்கிறேன். செயற்கைக் கால், காலைத் தாங்கும் காலிப்பர், உட்காரும் அமைப்புகள் எல்லாம் செய்கிற படிப்பு பேச்சலர் இன் புராஸ்தடிக்ஸ் அண்ட் ஆர்த்தடிக்ஸ், சுருக்கமாக பி.பி.ஓ. பயிற்சிக்காலத்தையும் சேர்த்து நாலரை வருஷம். மேத்ஸ் குரூப் பிள்ளைகளும் சேரலாம், இது நிறைய பேருக்குத் தெரியாது. கொல்கத்தா, கட்டாக், டெல்லி தேசிய நிறுவனங்களில் இருக்கிறது, நம் பக்கம் சென்னை அருகே முட்டுக்காட்டில் நிப்மெட், அதாவது பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம், இருக்கிறது. பயாலஜி எடுத்தவர்களுக்கு பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி. வீட்டுக்குள் அவர் எப்படிக் குளிப்பார், எப்படிச் சமைப்பார் என்று பார்த்து நாற்காலியைத் தேர்வு செய்கிற கண் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுக்குத்தான் உண்டு. பி.பி.ஓ. முடித்தவர்கள் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்யணும், 1992 சட்டம். பதிவில்லாமல் இந்தத் தொழில் செய்தால் ஒரு வருஷம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்! ஹெல்மெட் போடாததற்குக் கட்டுகிற காசு. எங்களை நாடு எவ்வளவு மதிக்கிறது என்று இதிலேயே தெரியும்.

வேலை எங்கே? மறுவாழ்வு மருத்துவமனைகள், சென்னை கே.கே.நகரில் இருப்பது மாதிரி அரசு மையங்கள், மாவட்ட மறுவாழ்வு மையங்கள், தொண்டு நிறுவனங்கள், உபகரணக் கம்பெனிகள். கான்பூரில் 1972-இல் தொடங்கிய, செயற்கை உறுப்புகளும் உபகரணங்களும் செய்கிற அரசு நிறுவனம் அலிம்கோ இருக்கிறது. சென்னை ஐஐடியில் மறுவாழ்வுக் கருவிகளை உருவாக்கும் ஆர்2டி2 மையத்திலிருந்து நின்றபடி இருக்க உதவும் அரைஸ், அளவெடுத்துச் செய்கிற நியோஃப்ளை, 2025-இல் 9 கிலோ எடையில் ஒய்டி ஒன் என்று வரிசையாக வந்திருக்கின்றன. கடையில் கிடைக்கிற இரும்பு நாற்காலி 15 முதல் 20 கிலோ. அந்த வித்தியாசத்தைத் தோள்பட்டையால் சுமப்பவரைக் கேளுங்கள். இவற்றையெல்லாம் வடிவமைத்தது எஞ்சினியரிங் படித்தவர்கள். அதற்கும் மனசு மட்டும் போதவில்லை போலிருக்கிறது. ஆரம்பச் சம்பளம் குறைவு, அதை மறைக்கவில்லை. குறைவாக இருப்பதற்குக் காரணமே இந்தப் பேச்சுதான். சேவை என்று பெயர் வைத்துவிட்டால் சம்பளம் கேட்பவன் கெட்டவன்.

பட்டப்படிப்பு மட்டும்தானா? இல்லவே இல்லை. ஐடிஐ முடித்த பையனுக்கு இதில் ஒரு தனித் தொழிலே இருக்கிறது, நம் ஊரில் அதிகம் பேர் செய்வதில்லை. முன் சக்கரம் கடகடவென்று ஆடுகிறது என்று கொண்டுவருவார்கள். பல சமயம் காஸ்டர், அதாவது அந்தச் சின்ன முன் சக்கரம், அதன் தண்டின் நட் தளர்ந்திருக்கும், இல்லாவிட்டால் பேரிங் போயிருக்கும். நிறைய நாற்காலிகளில் அது 608 பேரிங், ஸ்கேட்டிங் கடையிலேயே கிடைக்கும். திரும்பவே மாட்டேன் என்கிறதா, அச்சில் தலைமுடி சுற்றியிருக்கும். பின் அச்சை முன்னால் நகர்த்தினால் தள்ள லேசாக இருக்கும், ஆனால் பின்னால் கவிழும் வாய்ப்பு கூடும். அதனால் கவிழாமல் தடுக்கப் பின்னால் மாட்டுகிற ஆன்டி டிப்பர் போடாமல் அனுப்பக் கூடாது. அச்சின் உயரத்தை மாற்றினால் காஸ்டர் தண்டு செங்குத்தாக இருக்காது, அதையும் நிமிர்த்தணும். சக்கரம் நகர்ந்தால் பிரேக்கும் நகரணும். ஒன்றைத் தொட்டால் மூன்றைத் தொடணும். அதற்குத்தான் படிப்பு.

மோட்டார் நாற்காலியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக இருக்கும். ஒன்று செத்தால் ஒன்றை மட்டும் மாற்றுவார்கள், கொஞ்ச நாளில் புதுசும் போகும். இரண்டையும் சேர்த்து மாற்றணும். "வண்டி செத்துப்போச்சு" என்று ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்த நாற்காலிகளில் சிலவற்றில் கோளாறே இருக்காது. யாரோ கையால் தள்ளுவதற்காக மோட்டாரை விடுவிக்கும் லீவரைத் திருப்பிவிட்டு, பழைய நிலைக்குக் கொண்டுவராமல் விட்டிருப்பார்கள். சிரிக்க வேண்டாம். அந்த நிலையில் சரிவில் விட்டால் பிரேக்கும் பிடிக்காது. ஒப்படைக்கும்போது ஐந்து நிமிஷம் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்திருந்தால் போதும்.

சொல்லிக்கொடுப்பதில் கெட்டிக்காரர்கள் யார் தெரியுமா? நாற்காலியிலேயே இருப்பவர்கள். சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டு, மணிக்கட்டை உடைக்காமல் பத்து மணி நிலையிலிருந்து ரெண்டு மணி நிலை வரை நீளமாகத் தள்ளுவது, முன் சக்கரத்தைத் தூக்கி ஓரக்கல் ஏறுவது, கட்டிலுக்கு மாறுவது, பதினைந்து இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை முன்னால் குனிந்து பிட்டத்துக்கு ரத்தம் விடுவது. இதை நடக்கிற ஆள் சொன்னால் பாடம், நாற்காலியில் இருப்பவர் சொன்னால் செய்வார்கள். அவர்களுக்கு இந்த வேலையைச் சம்பளத்தோடு கொடுத்தால் என்ன? அந்த மண்டபத்தில் நாற்காலியில் இருந்த ஒருவரும் பேச அழைக்கப்படவில்லை. எப்படி அழைப்பார்கள், மேடைக்கு நாலு படி! சரிவு இல்லை. பையனை நாற்காலியோடு நாலு பேர் தூக்கினார்கள், அதையும் பெருமையாக வீடியோ எடுத்திருக்கிறார்கள். அரையடிக்கு ஆறடி, அதுதான் 1:12 சரிவு. ஒரு படி அரையடி என்றால் நாலு படிக்கு இருபத்துநாலு அடி. பலகைகளும் கட்டைகளும் போதும். வாழைமரம் கட்டத் தெரிந்தது, பலகை போடத் தெரியவில்லை.

வேலூரில் மேரி வர்கீஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1954 விபத்தில் தண்டுவடம் போனது. நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அப்புறம் நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். படித்தார், கவனியுங்கள். அவருக்கு இல்லாத மனசா? திரும்பி வந்து வேலூரில் அந்தத் துறையையே நடத்தினார், 1966-இல் மறுவாழ்வு நிலையம் வந்தது. இதெல்லாம் இங்கேயே நடந்தது. நமக்கு மேடையில் சொல்ல இந்தப் பெயர் நினைவுக்கு வரவில்லை, "மனசு" வந்தது.

அந்தப் பொண்ணு இதைப் படிக்கிறாளா தெரியாது. தெரிந்தவர்கள் அனுப்பிவிடுங்கள். பி.பி.ஓ. நுழைவுத் தேர்வு அறிவிப்பு எப்போது என்று நிறுவனங்களின் தளத்தில் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் "வேற நல்ல படிப்பு இல்லையா" என்பார்கள், அதற்கும் தயாராக இருக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இது அவசரம். வீடியோவின் கடைசியில் பையனைத் தள்ளிக்கொண்டு போகும்போது வலது பிரேக் லீவரைப் பாருங்கள். பூட்டிய நிலையில் இருக்கிறது, சக்கரம் சுற்றுகிறது. அந்த ஊர்க்காரர்கள் யாராவது ஆலன் கீ எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போங்கள். காற்று டயர் என்றால் முதலில் காற்று அடியுங்கள், பிறகுதான் பிரேக்கைத் தொடணும். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, பூட்டும்போது பிரேக் கட்டை டயரில் 4, 5 மில்லிமீட்டர் அமுங்கும் அளவுக்கு நகர்த்தி இறுக்குங்கள். அவனை இறக்கிவிட்டு, இரண்டு பக்கமும் பூட்டி, பின்னாலிருந்து தள்ளிப் பாருங்கள். நகரக் கூடாது.