பருத்திக் காட்டிலிருந்து கிளம்பிய ட்ரம்பெட்

தெஹானோ இசை, அதாவது டெக்சஸில் வாழும் மெக்சிகர்களின் இசை என்று பேச்செடுத்தால் நம்மில் பலரும் பாடகி செலினாவோடு நிறுத்திக்கொள்கிறோம். செலினா எனக்கும் உயிர். ஆனால் அவர் பிறந்தது 1971இல். அதற்கு முன்பே டெக்சஸ் மெக்சிகர்களின் கல்யாண வீடுகளிலும் நடனக் கூடங்களிலும் கொடிகட்டிப் பறந்தவர் லிட்டில் ஜோ. அவரைப் பற்றி யாரும் பேசாதது எனக்குப் பெரிய குறை.

1940இல் டெக்சஸின் டெம்பிள் என்ற ஊரில் பிறந்தவர், முழுப்பெயர் ஹோசே மரியா தெ லியோன் ஹெர்னாண்டஸ். வீட்டில் பதின்மூன்று பிள்ளைகள். நீளச் சாக்கைத் தோளில் மாட்டி, செடி செடியாக இழுத்துக்கொண்டே போய்ப் பருத்தி எடுத்த குடும்பம். டேவிட் கொரொனாடோவின் லாட்டினேர்ஸ் குழுவில் கிதார் வாசிக்கப் போனவர், பிறகு அதற்கே தலைவரானார். கூடவே வாசித்த சகோதரர் ஜெஸ்ஸி 1964இல் கார் விபத்தில் இறந்துபோனார். அப்படியும் குழு கலையவில்லை.

அங்கே இசையிலும் மேடு பள்ளம் இருந்தது. அக்கார்டியனை வைத்துப் பாடும் கொன்ஹுந்தோ உழைக்கிறவர்களுடையது. சாக்ஸபோன், ட்ரம்பெட் வரிசையோடு வரும் ஓர்கெஸ்தா கொஞ்சம் வசதியானவர்களுடையது. லிட்டில் ஜோ கையில் இருந்தது ஓர்கெஸ்தா. அதில் அவர் பாடியதோ ரான்செரா என்ற மெக்சிகோவின் வயக்காட்டுப் பாட்டு! ஜாஸ் வாசிக்கத் தெரிந்தவர்களைப் பின்னால் நிறுத்திவிட்டு, முன்னால் நின்று தம்பி ஜானியோடு சேர்ந்து பட்டிக்காட்டுக் குரலில் பாடினார். பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் பேசியதற்காக அடி வாங்கிய தலைமுறை அது. அவர்களுக்கு இந்தச் சத்தம் என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்தாலே எனக்குச் சிலிர்க்கும்.

1970 வாக்கில் சிக்கானோ எழுச்சி, அதாவது அமெரிக்க மெக்சிகர்களின் உரிமைப் போராட்டம், அவரை மாற்றியது. ஒரே மாதிரிக் கோட்டு சூட்டு போனது, முடி வளர்ந்தது, லாட்டினேர்ஸ் 'லா ஃபமிலியா' ஆனது. குடும்பம் என்று அர்த்தம். 1972இல் 'பாரா லா ஹென்தே' தொகுப்பு வந்தது. அதில்தான் 'லாஸ் நூபேஸ்', அதாவது மேகங்கள். வாழ்க்கையில் சலித்துப்போன ஒருவன் பாடுகிறான், போகிற மேகங்கள் நின்று தூறுகின்றன. அதில் கோஷம் கிடையாது, கூலி உயர்வு பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் பண்ணைத் தொழிலாளர்கள் அதைத் தங்கள் கீதமாகவே எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தொழிலாளர்களின் தலைவர் சேசர் சாவேஸின் போராட்டத்துக்கு லிட்டில் ஜோவும் துணை நின்றார்.

அப்புறம் கிராமி விருதுகளும் வந்தன, சரி. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அந்த ட்ரம்பெட்தான். இன்று ராத்திரி ஹெட்போன் மாட்டி 'லாஸ் நூபேஸ்' கேட்டுப் பாருங்கள். ஸ்பானிஷ் தெரிய வேண்டியதில்லை.