பெலிச்சிக்கைப் பற்றி ஒரு திருத்தம்

அமெரிக்கக் கால்பந்தில் பேட்ரியட்ஸ் அணியின் முன்னாள் பயிற்சியாளர் பெலிச்சிக்கையும், அந்த அணியின் குவார்ட்டர்பேக்காக (பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் வீரர்) இருந்த டாம் பிரேடியையும் பற்றி, "பிரேடி இல்லாமல் பெலிச்சிக் ஒன்றும் சாதித்ததில்லை, பிளேஆஃப் (பருவ முடிவில் கோப்பைக்கான வெளியேற்றுச் சுற்று) பக்கமே போனதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இது தவறு. 1994-இல் கிளீவ்லாந்து பிரவுன்ஸுக்குப் பயிற்சியாளராக இருந்தபோதே 11-5 (11 வெற்றி, 5 தோல்வி) கணக்கில் பிளேஆஃபுக்குள் நுழைந்தார். அங்கே ஓர் ஆட்டமும் வென்றார், அதுவும் பின்னாளில் தான் பயிற்றுவித்த பேட்ரியட்ஸையே! 2008-இல் முதல் ஆட்டத்திலேயே பிரேடிக்கு முழங்காலில் அடி. மாற்று குவார்ட்டர்பேக் மாட் கேசலை வைத்துக்கொண்டு அதே 11-5. பிளேஆஃப் கிடைக்கவில்லை, சரி, ஆனால் அது மோசமான அணியின் கணக்கல்ல.

சூப்பர் பௌல் (கோப்பைக்கான இறுதியாட்டம்) வெற்றிகளையும் முழுக்கப் பிரேடி கணக்கில் எழுத முடியாது. 2001 பருவத்து இறுதியாட்டத்தில் பிரேடி வீசியது மொத்தமே 145 யார்டு. கர்ட் வார்னர் குவார்ட்டர்பேக்காக இருந்த எதிரணி ராம்ஸை 17 புள்ளியில் அடக்கியது தடுப்பாட்டம்தான். தடுப்பாட்ட வீரர் டை லா பந்தைப் பிடுங்கி 47 யார்டு ஓடியதை மறந்துவிட்டீர்களா? 2019 பிப்ரவரி சூப்பர் பௌலில் அதே ராம்ஸ் எடுத்தது வெறும் 3 புள்ளி.

உங்கள் வாதத்தில் பாதி நியாயம் உண்டு. பிரேடி டாம்பா பே அணிக்குப் போய் முதல் பருவத்திலேயே, 43 வயதில், கோப்பை வாங்கினார். அந்தப் பருவத்தில் பேட்ரியட்ஸ் 7-9. 2023-இல் 4-13 என்று கவிழ்ந்ததும் உண்மை. குவார்ட்டர்பேக் தேர்வில் பெலிச்சிக் சறுக்கினார் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.