எல்லைக்கோடு மாறட்டும், ஆனால் முதலில் நகரவேண்டியது யாருடைய பிள்ளை?

நீளமான பதிவு. ஒட்டாவாவில் ஆரம்பப் பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

ஒட்டாவா கார்ல்டன் மாவட்டக் கல்விச்சபை தன் ஆரம்பப் பாடசாலைத் திட்டங்களை மீளாய்வு செய்து, 2025 பெப்ரவரி கடைசியில் எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பாடசாலைக்குப் போகவேண்டும் என்று காட்டும் புதிய எல்லை வரைபடங்களை வெளியிட்டது. உடனே நம்மவர்களின் வட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: "எங்கட வீடு எந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள வருது?"

நியாயமான கேள்விதான். வீடு வாங்கும்போதே பாடசாலையைப் பார்த்து வாங்குகிற சனம் நாங்கள். ஆனால் கோடு போடுவது கடைசி வேலை. அதற்கு முதல், எந்தக் கட்டடத்தில் எந்தப் பாடத்திட்டம் இருக்கும் என்று முடிவெடுக்கிறார்கள். பிரெஞ்ச் இமேர்ஷன் (பாடங்களில் பெரும்பகுதியைப் பிரெஞ்சிலேயே படிப்பிக்கும் திட்டம்) எங்கே, ஆங்கில வகுப்பு எங்கே, விசேட கல்வி வகுப்புகள் எங்கே. அந்த முடிவுக்கு ஏற்றபடிதான் கோடு வளைகிறது. நாங்கள் கோட்டைப் பற்றி மட்டும் கதைத்துக்கொண்டிருந்தால், உண்மையான முடிவு எங்கள் தலைக்கு மேலால் போய்விடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லைகள் மாறத்தான் வேண்டும். வீட்டுக்கு அருகிலுள்ள பாடசாலையிலேயே முடிந்தவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் இருக்கவேண்டும் என்ற அடிப்படை யோசனையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அந்த மாற்றத்தின் பாரத்தை விசேட தேவையுள்ள பிள்ளைகளின் தலையிலும், இடையில் வந்து சேர்ந்த பிள்ளைகளின் தலையிலும் இறக்கி வைப்பதை என்னால் ஏற்க முடியாது.

இந்தச் சிக்கல் எப்படி வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கவேண்டும்.

இமேர்ஷன் என்பது 1965-இல் மொன்றியலுக்குப் பக்கத்தில் செயின்ட் லாம்பர்ட் என்ற இடத்தில் ஆங்கிலம் பேசும் பெற்றோர் கேட்டு வாங்கிய திட்டம். 1969-இல் ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் நாட்டின் அரச மொழிகளாக்கிய சட்டம் வந்தது. ஒட்டாவாவில் இருக்கிற நல்ல வேலைகளில் பல மத்திய அரசு வேலைகள். இரண்டு மொழியும் தெரிந்தால்தான் மேலே போகலாம் என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆகவே முதலாம் வகுப்புக்கு முந்திய ஜேகே, எஸ்கே என்ற பாலர் வகுப்புகள் இரண்டு வருடமும் எல்லாப் பிள்ளைகளும் பாதி ஆங்கிலம், பாதி பிரெஞ்ச் என்று ஒன்றாகப் படித்துவிட்டு, முதலாம் வகுப்புக்கு வரும்போது பெரும்பாலான பெற்றோர் இமேர்ஷனைத் தெரிவு செய்கிறார்கள். தமிழ்ப் பெற்றோரும்தான். அதில் ஒரு பிழையும் இல்லை.

பிறகு நடப்பதுதான் கவலை. இமேர்ஷன் பெருகப் பெருக ஆங்கில வகுப்பு சுருங்குகிறது. எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் முதலாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புவரை ஒரு வகுப்பில் 23 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக்கூடாது, 90 வீதமான வகுப்புகளில் 20-க்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. ஒரு பாடசாலையில் இரண்டாம் வகுப்பில் இமேர்ஷனுக்கு 36 பேர், ஆங்கிலத்துக்கு 9 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இமேர்ஷனுக்கு இரண்டு வகுப்பு அழகாக அமையும். அந்த 9 பேரையும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்த்து ஒரு ஸ்பிளிட் கிளாஸ் போடுவார்கள். அதுவும் முடியாத இடத்தில் ஆங்கில வகுப்பையே மூடி, அந்தப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி வேறு பாடசாலைக்கு அனுப்புவார்கள். வீட்டுக்கு எதிரே பாடசாலை இருக்கும், பிள்ளை சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும். ஜனவரியில் காற்றோடு மைனஸ் 25 என்றால் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அந்த ஆங்கில வகுப்பில் மிஞ்சுகிறவர்கள் யார்? புதிதாகக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள், ஆங்கிலம் பழகிக்கொண்டிருக்கும் பிள்ளைகள், கற்றலில் உதவி தேவைப்படும் பிள்ளைகள், வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள். இது என் ஊகம் இல்லை, சபையே பலமுறை ஒப்புக்கொண்ட விஷயம். ஒரே கட்டடத்துக்குள் இரண்டு பாடசாலைகள் நடக்கின்றன. ஆசிரியருக்கும் களைப்பு, பிள்ளைக்கும் தான் இரண்டாம் தரம் என்ற எண்ணம். ஏழு வயதிலேயே!

இதை மாற்றவேண்டும் என்று தொடங்கியதுதான் இந்த மீளாய்வு. அந்த நோக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதே பொதிக்குள் வேறு சிலவற்றையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். நான்காம் வகுப்பில் தொடங்கும் மிடில் பிரெஞ்ச் இமேர்ஷனைப் படிப்படியாக நிறுத்துவது ஒன்று. சேர்ச்சில், லேடி ஈவ்லின், ரெஜைனா ஸ்ட்ரீட், ரிவர்வியூ, சம்மிட் என்ற ஐந்து மாற்றுக்கல்விப் பாடசாலைகளின் தனித் திட்டத்தை முடிப்பது இன்னொன்று. சில விசேட கல்வி வகுப்புகளைக் குறைத்து அந்தப் பிள்ளைகளை வழமையான வகுப்புகளுக்குள் சேர்ப்பது பற்றிய யோசனையும் இருந்தது.

மிடில் இமேர்ஷன் பற்றி நம்மவர்கள் யாருமே கதைக்காதது எனக்குப் பெரிய கவலை. எட்டு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ இங்கே வந்து இறங்கும் பிள்ளை முதலாம் வகுப்பு இமேர்ஷனுக்குள் எப்படிப் போகும்? அந்த வயது தாண்டிவிட்டது. அப்படி வந்த பிள்ளைக்கு நான்காம் வகுப்பில் ஒரு கதவு திறந்திருந்தது. ஏற்கனவே ஒரு மொழியோடு வந்து, ஆங்கிலத்தையும் பிடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு மூன்றாவது மொழி பெரிய பாரம் இல்லை, எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறோம். இப்போது அந்தக் கதவைச் சாத்தினால், ஐந்து வயதில் இந்த ஊரில் இல்லாத ஒவ்வொரு பிள்ளையும் ஆங்கில வகுப்புக்குத்தான். சமத்துவம் என்ற பெயரில் தொடங்கிய திட்டம் பிந்தி வந்த பிள்ளையைத்தான் வெளியே விடுகிறது. முதலாம் வகுப்பிலேயே எல்லாம் முடிவாகிவிட வேண்டும் என்றால், ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்ன வழி என்பதைச் சபை சொல்லவேண்டும்.

விசேட வகுப்புகளுக்கு வருகிறேன். எந்தப் பாடசாலை என்று சொல்லமாட்டேன், எனக்குத் தெரிந்த ஒரு பையன் சிறிய விசேட வகுப்பில் படிக்கிறான். ஓட்டிசம். காலையில் வேன் வந்து நின்றதும் காதை மூடும் பெரிய ஹெட்போனைப் போட்டுக்கொண்டுதான் இறங்குவான். பக்கக் கதவால் உள்ளே போவான். முன்கதவில் சனக்கூட்டம். தன் ஜாக்கெட்டை மூன்றாவது கொக்கியில்தான் மாட்டுவான், அதில் வேறு பிள்ளையின் ஜாக்கெட் தொங்கினால் அன்று காலை போச்சு. உதவி ஆசிரியை அதைத் தெரிந்துகொண்டு அந்தக் கொக்கியில் அவனுடைய படத்தை ஒட்டிவிட்டார். ஜிம்முக்குள் அவன் கால் வைக்கவே பல மாதம் எடுத்தது. இப்போது போகிறான், பந்தும் எறிகிறான்.

"நிகழ்ச்சித்திட்ட இடமாற்றம்" என்று அறிக்கையில் ஒரு வரியில் எழுதினால், அந்தப் பக்கக் கதவும், மூன்றாவது கொக்கியும், அவனை அறிந்த அந்த ஆசிரியையும் சேர்ந்து இல்லாமல் போகின்றன. வேறு பிள்ளைகள் புதுப் பாடசாலையில் இரண்டு கிழமையில் நண்பர்களைப் பிடித்துவிடுவார்கள். இவனுக்கு அது ஒரு வருடப் படிப்பு. வழமையான வகுப்புக்குள் சேர்ப்பது நல்லது என்று வாதிடுகிறவர்களை நான் மதிக்கிறேன். பல பிள்ளைகளுக்கு அது உண்மையிலேயே நல்லது. ஆனால் ஆளணியை முதலில் போட்டுவிட்டுப் பிள்ளையை அனுப்பவேண்டும். பிள்ளையை அனுப்பிவிட்டு ஆளைத் தேடக்கூடாது.

சபைக்கும் கை கட்டப்பட்டுத்தான் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். 1998-இலிருந்து ஒன்ராறியோக் கல்விச்சபைகள் தாங்களாக வரி அறவிட முடியாது. பணம் கிட்டத்தட்ட முழுக்க மாகாணத்தின் கையில்தான் இருக்கிறது. 2017-இலிருந்து பாடசாலைகளை மூடுவதற்கான மீளாய்வுகளுக்கும் மாகாணம் தடை போட்டிருக்கிறது. ஒரு பக்கம் பாதி காலியான கட்டடம், இன்னொரு பக்கம் இடம் போதாமல் முற்றத்தில் வரிசையாகப் போர்ட்டபிள் என்ற தற்காலிக வகுப்பறைகள். மூடவும் முடியாது, காசும் இல்லை என்றால் கையில் மிஞ்சுவது வரைபடம் ஒன்றுதான். ஆகவே கோபத்தில் பாதியையாவது மாகாண அரசு இருக்கும் குவீன்ஸ் பார்க்கின் பக்கம் திருப்பவேண்டும்.

இது ஒட்டாவாவில் மட்டும் நடப்பதும் இல்லை. அமெரிக்காவில் மேரிலண்டின் ஹோவர்ட் கவுண்டியில் 2019-இல் எல்லைகளை மாற்றியபோது 5,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பாடசாலை மாறவேண்டி வந்தது. நெரிசலைக் குறைப்பதும் ஏழைப் பிள்ளைகள் ஒருசில பாடசாலைகளிலேயே குவிவதைத் தடுப்பதும் நோக்கம். அங்கேயும் தெருவில் இறங்கிய பெற்றோர்கள், இரவிரவாகக் கூட்டங்கள்.

கூட்டம் என்றதும் ஒரு அக்காவின் ஞாபகம் வருகிறது. டவுன்ஹவுஸ் தொகுதியில் இருக்கிறார், முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை. போன் எடுத்தார். "தம்பி, உந்தப் படம் எனக்கு விளங்கேல்ல. வீட்டு நம்பரைச் சொல்லுறன், எந்தப் பக்கம் எண்டு பாத்துச் சொல்லுங்கோ." பார்த்துச் சொன்னேன். கூட்டத்துக்கு வாருங்கள் அக்கா, இதையெல்லாம் நேரே கேட்கலாம் என்றேன். "ஏழு மணிக்கு நான் வேலையில நிப்பன். வந்தாலும் எழும்பி நிண்டு இங்கிலீசில கதைக்க எனக்கு ஏலுமே?"

இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்த வசந்தகாலம் முழுக்கக் கூட்டங்களில் பேசியவர்களைப் பார்த்தால், பெரும்பாலும் ஸ்லைட் போட்டு, எண்களோடு வந்து பேசக்கூடியவர்கள். அவர்கள் பேசியது தவறில்லை, தங்கள் பிள்ளைகளுக்காகப் பேசினார்கள். எதிர்ப்பு வலுத்ததும் சில எல்லை மாற்றங்களிலிருந்து சபை பின்வாங்கவும் செய்தது. ஆனால் பேசாத தெருக்களுக்காக யார் பின்வாங்குவார்கள்?

2025 மே மாதம் சபையின் உறுப்பினர்களான ட்ரஸ்டிமார் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தார்கள், 2026 செப்டெம்பரில் தொடங்குவதாக. ஜூன் கடைசியில் மாகாணம் சபையைத் தன் மேற்பார்வையின் கீழ் கொண்டுவந்தது. ரொறன்ரோவின் இரண்டு பெரிய சபைகளுக்கும் டஃபரின் பீல் கத்தோலிக்க சபைக்கும் அதே நாளில் அதே கதி. நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த 12 ட்ரஸ்டிமாரின் அதிகாரம் மாகாணம் நியமித்த ஒரு சூப்பர்வைசரின் கைக்குப் போனது. ட்ரஸ்டிமாரில் எனக்கும் மனக்குறைகள் உண்டு. என்றாலும் ஒரு ட்ரஸ்டியின் போன் நம்பர் எங்களிடம் இருந்தது, அடுத்த தேர்தலில் நாங்கள் கேள்வி கேட்போம் என்ற பயம் அவருக்கும் இருந்தது. பிள்ளைகளின் பாடசாலையை மாற்றும் முடிவில் வாக்காளருக்குப் பதில் சொல்லத் தேவையில்லாத ஒருவர் கடைசி வார்த்தை சொல்வது சரியென்று எனக்குப் படவில்லை. அவர் எவ்வளவு நல்ல முடிவை எடுத்தாலும்கூட.

சரி, என்னதான் கேட்கிறாய் என்றால்: விசேட வகுப்பில் இருக்கும் பிள்ளை அந்தப் பாடசாலையின் கடைசி வகுப்புவரை அங்கேயே படிக்க விடுங்கள், புதிதாகச் சேருகிறவர்களிலிருந்து மாற்றத்தைத் தொடங்குங்கள். ஒரு பிள்ளையை ஆரம்பப் பாடசாலைக் காலத்தில் ஒருமுறைக்கு மேல் நகர்த்தாதீர்கள். சகோதரங்களைப் பிரிக்காதீர்கள், இரண்டு பாடசாலைக்கு ஒரே நேரத்தில் ஓட எந்தத் தாயாலும் முடியாது. பிந்தி வரும் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக்குள் போக ஒரு வழியை வையுங்கள். கடிதங்களைத் தமிழ், அரபு, சோமாலி, சீனம் என்று பெற்றோர் வாசிக்கும் மொழிகளில் அனுப்புங்கள், கூட்டத்தைச் சனிக்கிழமை காலையிலும் வையுங்கள். நடக்கும் தூரம் என்று கணினியில் அளந்த பாதையை பனிக்காலத்தில் ஒருதடவையாவது காலால் நடந்து பாருங்கள்.

நம்மவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை இமேர்ஷனில் இருந்தால் ஆங்கில வகுப்பைப் பற்றியும் எழுதுங்கள். இமேர்ஷன் பெற்றோர் ஒருவர் எழுதும் போது அதற்கு இருக்கிற எடை அதிகம். சபைக்கும் எழுதுங்கள், உங்கள் தொகுதியின் மாகாணசபை உறுப்பினரான எம்.பி.பி.க்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், பணமும் அதிகாரமும் இப்போது அவர்கள் பக்கம்தான். ஆங்கிலத்தில் எழுதக் கஷ்டமென்றால் தமிழில் எனக்கு மெசெஞ்சரில் எழுதியோ குரல்பதிவாகவோ அனுப்புங்கள், நான் மொழிபெயர்த்துத் தருகிறேன். அனுப்பும்போது பிள்ளை என்ன வகுப்பு, இப்போது எந்தத் திட்டம், பஸ்ஸா நடையா என்பதையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.