இரவு எட்டரை மணிக்கு ஒரு பெண் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவாள்?

போன புதன்கிழமை பாலக்காட்டில் டியூட்டி முடிய எட்டு மணி ஆகிவிட்டது. மத்தியானம் சாப்பிட்டது ஒரு பன், ஒரு சாயா. தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற கொழிஞ்சாம்பாறைக்குப் போகும் பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு ஹோட்டலுக்குள் நுழைந்தேன். கீழே எட்டு மேசை, அதில் மூன்றில்தான் ஆள் இருந்தார்கள். நாற்காலியை இழுக்கும்போதே கல்லாவில் இருந்தவர், "சேச்சீ, ஃபேமிலி முகளிலாணு" என்றார். பெண்களும் குடும்பத்தோடு வருகிறவர்களும் உட்காருகிற ஃபேமிலி ரூம் மாடியில் இருக்கிறது என்று அர்த்தம். மாடிக்குப் போனால் விளக்கை அணைத்து, நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். இறங்கி வந்து சொன்னேன். அப்படியென்றால் பார்சல் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குச் சங்கடம் வரக் கூடாது என்று நினைத்துக்கூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் பர்ஸில் பணம் இருக்கிறது, வயிற்றில் பசி இருக்கிறது, கண்ணெதிரே ஐந்து மேசை காலியாகக் கிடக்கிறது. பார்சல் வேண்டாம் என்று வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சேரும்போது தலைவலி.

அன்று ராத்திரியே ஒரு மெசேஜ் வந்திருந்தது. எங்கள் தெருவில் வளர்ந்த பெண், நர்சிங் முடித்துவிட்டு சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்புகிறாள். "அக்கா, அங்கே சாப்பாட்டுக்கே சம்பளம் போய்விடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?" என்று கேட்டிருந்தாள். அவளுக்கு எழுத ஆரம்பித்த பதில்தான் இது. எழுத எழுத அவளுக்கு மட்டும் சொல்கிற விஷயமாகத் தோன்றவில்லை, அதனால் இங்கேயே போடுகிறேன்.

பயப்படாதே அம்மிணி. நான் 2016-இல் போனபோது தலைமேல் கடன் இருந்தது. மாதாமாதம் வீட்டுக்கு அனுப்பியதுபோக மிச்சம் இருந்ததில்தான் சாப்பிட்டேன், நன்றாகவே சாப்பிட்டேன். அங்கே டாலரை நம் ஆட்கள் வெள்ளி என்பார்கள். சின்னச் சின்னக் கடைகளும் பொது மேசைகளும் ஒரே கூரையின்கீழ் இருக்கிற இடத்தை அங்கே உணவங்காடி நிலையம் என்பார்கள். அப்போது அங்கே 3 வெள்ளிக்கு ஒரு தட்டு சிக்கன் ரைஸ் கிடைத்தது. இப்போது நாலு, ஐந்து கொடுக்க வேண்டியிருக்கும். எக்கானமி ரைஸ் என்று ஒன்று உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் இருபது தட்டில் பொரியல், குழம்பு, முட்டை, மீன் எல்லாம் இருக்கும். பெயர் தெரிய வேண்டியதில்லை, விரலை நீட்டினால் போதும். ஒரு கறியும் இரண்டு காயும் சோற்றின்மேல் வைத்துத் தருவார்கள். முதல் மூன்று மாதம் என் உயிரைக் காப்பாற்றியது அந்தத் தட்டுதான். நைட் டியூட்டி முடிந்து வந்தால் விடிய விடியத் திறந்திருக்கும் பிராட்டாக் கடை இருக்கும். நம் பொறோட்டாவின் தம்பி என்று வைத்துக்கொள். மீன் குழம்போ பருப்புக் குழம்போ ஊற்றித் தருவார்கள்.

காப்பி கேட்பதற்கும் ஒரு பாஷை உண்டு. கோப்பி என்றால் டின்பால் ஊற்றியது. கோப்பி ஓ என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. சர்க்கரையும் வேண்டாம் என்றால் கோப்பி ஓ கோசோங். ஐஸ் போட வேண்டுமானால் கடைசியில் பெங் சேர்த்துக்கொள்ள வேண்டும். கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் போட்டு வறுப்பதால் கறுப்பாக, அடர்த்தியாக இருக்கும். ஃபில்டர் காப்பிக்குப் பழகிய நாக்குக்கு அது பிடிக்க ஒரு வாரம் ஆகும். அப்புறம் விட முடியாது.

பெரிய ரெஸ்டாரண்டுக்குப் போனால் மட்டும் கணக்குத் தெரிந்துகொண்டு போ. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜும் அதன்மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டியும் சேரும். 100 வெள்ளிக்குச் சாப்பிட்டால் பில் கிட்டத்தட்ட 120 வரும். கேட்காமலே மேசையில் வைக்கிற வேர்க்கடலைக்கும் ஈரத் துண்டுக்கும் சில இடத்தில் காசு உண்டு, வேண்டாம் என்றால் எடுத்துக்கொள்வார்கள். சில்லி நண்டு சாப்பிடாமல் வந்துவிடாதே, ஆனால் நண்டு எடைக்கு விலை. எத்தனை கிலோ, கிலோ என்ன விலை என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டுச் சொல். குழாய்த் தண்ணீரைப் பயமில்லாமல் குடிக்கலாம், பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்காதே.

தேக்காவை விட்டுவிட்டேன் பார், லிட்டில் இந்தியாவை நம் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். சைவம் வேண்டுமானால் 1924-இலிருந்து ஆனந்த பவனும், 1947-இலிருந்து கோமள விலாஸும் இருக்கின்றன. மீன் தலைக் கறி ஒரு நாள் கட்டாயம் சாப்பிடு. சிங்கப்பூரே தன் சொந்தப் பண்டம் என்று கொண்டாடும் அந்தக் கறியை அங்கே தொடங்கி வைத்தவர் கோமஸ் என்ற மலையாளி என்றுதான் சொல்வார்கள். சீனர்களுக்கு மீன் தலைமேல் இருந்த ஆசையைப் பார்த்து, நம் பக்கத்துக் காரத்தில் புளி ஊற்றிக் கொதிக்க வைத்திருக்கிறார். எல்லை தாண்டிப் போகிறவர்கள் கையில் கொண்டுபோவது இதைத்தானே.

சரி, இதெல்லாம் விலைக் கணக்கு. அந்த ஊரை நான் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பதற்கு விலை காரணம் இல்லை. போய் இறங்கிய இரண்டாம் வாரம், ராத்திரி பத்து மணிக்கு, தன்னந்தனியாக, யூனிஃபார்ம் மேல் ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உணவங்காடியில் போய் உட்கார்ந்தேன். ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. எதிர் நாற்காலியில் டை கட்டிய ஒருவர் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் துப்புரவு வேலை முடித்த பாட்டி ஒருவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். இந்த மேசை யாருக்கு என்று ஒரு கேள்வியே அங்கே இல்லை. ஒரு டிஷ்யூ பாக்கெட்டை மேசைமேல் வைத்துவிட்டு வரிசைக்குப் போனால், திரும்பி வரும்வரை அந்த இடம் உன்னுடையது. அதை எடுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. ஒரு கடையில் தனியாக உட்கார்ந்து, அவசரம் இல்லாமல், கடைசி வாய்வரை சாப்பிட்டு எழுந்தது வாழ்க்கையில் அன்றுதான் முதல் தடவை. அதை நினைத்து அறைக்குப் போனதும் அழுதேன்.

இது தானாக வந்த பழக்கம் இல்லை. அங்கேயும் ஒரு காலத்தில் எல்லாம் தெருவோரக் கடைகள்தான். எச்சில் தண்ணீர் ஓடையில் போகும், ஒரே வாளித் தண்ணீரில் தட்டைக் கழுவுவார்கள். 1971 முதல் 1986 வரை அரசாங்கம் கூரை போட்டு, குழாய் போட்டு, சாக்கடை வெட்டி, மேசை நாற்காலியைத் தரையோடு பதித்து, கடைக்காரர்களை உள்ளே கொண்டுவந்து உட்கார வைத்தது. நான் இருந்த காலத்தில் ஒவ்வொரு கடையிலும் சுத்தத்துக்கான கிரேடு எழுத்து தொங்கும். 2016-இல் சைனாடவுனில் 2 வெள்ளிக்குச் சோயா சாஸ் சிக்கன் ரைஸ் விற்ற கடைக்கு, பெரிய ரெஸ்டாரண்டுகள் ஏங்குகிற மிஷலின் உணவு வழிகாட்டியின் நட்சத்திரம் கொடுத்தார்கள். 2020 டிசம்பரில் அந்த உணவங்காடிப் பண்பாட்டையே யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. சாப்பாட்டின் ருசியை நாடே கொண்டாடியது. எனக்கு அதில் பெரிதாகத் தெரிந்தது அந்தப் பதித்து வைத்த நாற்காலி.

அதன் அருமை 2020 ஏப்ரலில் தெரிந்தது. கொரோனாவுக்காக உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தி, நாற்காலிகளில் எல்லாம் டேப் ஒட்டிவிட்டார்கள். கடைகள் இருந்தன, அதே சோறு, அதே விலை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து தின்றேன். வார்டில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிற எனக்கு, நாலு பேர் நடுவில் உட்கார்ந்து சாப்பிடுவது சாப்பாட்டில் பாதி என்று அப்போதுதான் புரிந்தது.

அந்த நாற்காலி அங்கேயும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். என் சித்தப்பா மகன் கட்டட வேலைக்கு வந்து டார்மிட்டரியில் இருந்தான். அவனுக்கு மாதச் சாப்பாடு கேட்டரிங் பொட்டலம். நடுராத்திரி சமைத்து, விடியற்காலை கையில் கொடுத்துவிடுவார்கள். வெயிலில் கிடந்த பொட்டலத்தைப் பன்னிரண்டு மணிக்குப் பிரித்தால் பல நாள் குழம்பு புளித்துப் போயிருக்கும். அட்டையை விரித்து, கம்பிக் கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தின்பான். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வருவான், பிரியாணி வாங்கித் தருவேன். முதல் வாய் வைத்துவிட்டு, "சூடா இருக்குக்கா" என்பான். ருசியாக இருக்கிறது என்று அவன் சொல்லி நான் கேட்டதில்லை, சூடாக இருக்கிறது என்றுதான் சொல்வான். எந்த பட்ஜெட்டிலும் சாப்பிடலாம் என்று அந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அவனோடு ஒரு வாரம் இருந்துவிட்டு எழுத வேண்டும்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். நம்மிடம் சாப்பாட்டுக்கு என்ன குறை? எலப்புள்ளிப் பக்கம் ராமசேரியில், காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஊற்றுகிற இட்லி இருக்கிறது. மண்பானை வாயில் நூலால் வலை பின்னி, துணி விரித்து, மாவை ஊற்றி, விறகடுப்பில் வேக வைப்பார்கள். பொடியில் எண்ணெய் ஊற்றிக் குழைத்துத் தொட்டுக்கொண்டால் வேறு ஒன்றும் வேண்டாம். பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர் வழியில் தட்டுக்கடை தோசை, மட்டை அரிசிச் சோறு, மீன் வறுவல், ஒரு கட்டன் சாயா. ஐம்பது ரூபாயிலும் சாப்பிடலாம், ஐந்நூறிலும் சாப்பிடலாம். இதையெல்லாம் சமைக்கிற கைகளில் பாதிக்கு மேல் பெண்களுடையதாகத்தான் இருக்கும். கடையின் முன்மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களை எண்ணிப் பாருங்கள்.

ஒரே ஒரு இடத்தில் எனக்கு அந்தத் தயக்கம் வந்ததில்லை. 2020-இல் கேரள அரசின் பெண்கள் குழுத் திட்டமான குடும்பஸ்ரீயின் பெண்கள் தொடங்கிய ஜனகீய ஹோட்டல். 20 ரூபாய்க்கு மத்தியானச் சோறு. சமைப்பதும் பரிமாறுவதும் கல்லாவில் இருப்பதும் பெண்கள், அதனால் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்க்க வேண்டியதில்லை, நேராகப் போய் உட்காரலாம். லாரி டிரைவரும் காலேஜ் பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டதை அங்கேதான் பார்த்தேன். 2023-இல் சாப்பாட்டுக்குப் 10 ரூபாய் என்று அரசு கொடுத்துவந்த மானியத்தை நிறுத்தினார்கள், விலை 30 ஆனது. 30-ம் குறைவுதான் என்பார்கள். கூலிக்குப் போகிறவளுக்கு அந்தப் 10 ரூபாய் ஒரு பஸ் டிக்கெட். மானியத்தை நிறுத்தியது தவறு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அப்புறம், அது மத்தியானத்துக்கான ஏற்பாடு. இரவு எட்டரைக்கு யார் இருக்கிறார்கள்?

ஃபேமிலி ரூம் பெண்களின் பாதுகாப்புக்குத்தான் என்று எனக்குப் பதில் எழுதப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பாதுகாப்பு எங்கே இருக்கிறது? விளக்கு எரிகிற, பத்துப் பேர் சாப்பிடுகிற கீழ்த்தளத்திலா, இருட்டு மாடியிலா? நாலு பெண்கள் முன்மேசையில் உட்கார்ந்திருந்தால் ஐந்தாவதாக வருகிறவளுக்கு யாரும் காவல் இருக்க வேண்டியதில்லை. சமைக்க, பாத்திரம் கழுவ, ராத்திரி பத்து மணிக்கு வார்டில் ஊசி போட நாங்கள் வெளியே இருக்கலாம் என்றால், சாப்பிடவும் இருக்கலாம்.

எங்கள் அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. கோயம்புத்தூருக்கு ஆஸ்பத்திரிக்கோ கல்யாணத்துக்கோ தனியாகப் போனால், பசியை முந்தானையில் முடிந்துகொண்டு வீடு வந்துதான் சோற்றைப் பார்ப்பாள். காசு இல்லாமல் இல்லை. "ஒத்தைப் பொம்பளை போய்க் கடையில உக்கார்றதா?" என்பாள். இந்த ஒரு வாக்கியத்தை நம் எல்லைப் பக்கத்தில் தமிழிலும் கேட்கலாம், மலையாளத்திலும் கேட்கலாம்.

சித்தூர்-தத்தமங்கலம் நகராட்சியிலும் பாலக்காடு நகராட்சியிலும் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் கேட்டுக்கொள்ளுங்கள். தெரு வியாபாரிகளுக்கான சட்டம் 2014-இலேயே வந்துவிட்டது. வியாபார இடங்களைப் பிரித்துக் கொடுக்கக் குழு அமைக்க வேண்டும், அதில் வியாபாரிகளின் பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்று அதில் எழுதியே இருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கூரை, இரண்டு குழாய், மூடின சாக்கடை, நல்ல வெளிச்சம், தரையில் பதித்த இருபது நாற்காலி. பத்துத் தட்டுக்கடைகளை அங்கே கொண்டுவாருங்கள். சிங்கப்பூர் அளவுக்குப் பணம் வேண்டியதில்லை. சாக்கடைமேல் பலகை போட்டு, குடத்துத் தண்ணீரில் தட்டைக் கழுவுகிற கடைக்காரருக்கும் அது வாழ்வு.

கிளம்புகிற பெண்ணுக்குக் கடைசியாக இரண்டு. சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீயே கொண்டுபோய் அதற்கான இடத்தில் வைக்க வேண்டும், 2021 செப்டம்பரிலிருந்து அது சட்டம். ஹலால் தட்டுக்குத் தனி இடம் இருக்கும், பார்த்து வை. அப்புறம், முதல் வாரமே ஒரு நாள் தனியாகப் போய் உட்கார்ந்து சாப்பிடு, யாரையும் துணைக்குக் கூப்பிடாதே.

வருகிற புதன்கிழமையும் எனக்கு எட்டு மணிக்குத்தான் டியூட்டி முடியும். அதே ஹோட்டலுக்குத்தான் போகிறேன், கீழ்த்தளத்தில்தான் உட்காரப் போகிறேன். கல்லாவில் இருப்பவரிடம் பொறுமையாகப் பேசுவேன், நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அம்மாவும் சாயந்திரப் பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். பாலக்காட்டில் வேலை முடிந்து அந்த நேரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பெண்கள் யாராவது இருந்தால் வாருங்கள். ஜன்னலோர மேசையில் ஆறு நாற்காலி இருக்கிறது.