வில்லியம் சரோயனை மறந்தது நியாயமில்லை

அமெரிக்கச் சிறுகதை என்று பேச்செடுத்தால் ஹெமிங்வே, ஃபாக்னர், ஃப்ளானரி ஓ'கானர், ஜான் சீவர், ரேமண்ட் கார்வர் என்று பெயர்கள் வரிசையாக வந்து விழுகின்றன. அந்த வரிசையில் வில்லியம் சரோயன் வருவதே இல்லை. இது எனக்குப் பெரிய வருத்தம். வருத்தத்தைவிடக் கோபம் என்று சொல்வதே பொருத்தம்.

1934 பிப்ரவரியில் 'ஸ்டோரி' என்ற இதழில் அவருடைய கதை ஒன்று வெளிவந்தபோது அவருக்கு 25 வயது. அதே ஆண்டு அக்டோபரில் ரேண்டம் ஹவுஸ் அவருடைய முதல் தொகுப்பை வெளியிட்டது. பொருளாதாரப் பெருமந்தம் நாட்டை நசுக்கிக்கொண்டிருந்த காலத்தில், யாரும் கேள்விப்படாத ஒருவரின் சிறுகதைத் தொகுப்பு பரபரப்பாக விற்றது. ஆறே ஆண்டுகளில் அவருடைய நாடகம் புலிட்சர் பரிசையும் நியூயார்க் நாடக விமர்சகர்களின் பரிசையும் சேர்த்துப் பெற்றது. ஒரே நாடகம் இரண்டையும் வென்றது அதுதான் முதல் முறை. புலிட்சரை அவர் மறுத்துவிட்டார். வணிகம் கலைக்குப் புரவலராக இருக்கக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். பரிசுத் தொகை 1,000 டாலர். அந்த நாளில் அது சிறிய தொகை அல்ல.

இவ்வளவு புகழோடு இருந்தவரை எப்படி இப்படி ஓரங்கட்டினார்கள்? விமர்சகர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: மிகையுணர்ச்சி. மனிதர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று நம்புகிற அப்பாவி, கண்ணீரையும் புன்னகையையும் கலந்து விற்றவர் என்று முத்திரை குத்தி மூடிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பை எழுதியவர்கள் அவருடைய நல்ல கதைகளை நிதானமாகப் படித்திருக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவர் எங்கிருந்து வந்தார் என்று பாருங்கள். பெற்றோர் ஒட்டோமான் பேரரசின் பித்லிஸ் (இன்றைய துருக்கியில் உள்ளது) நகரத்து ஆர்மீனியர்கள். குடும்பத்தில் அமெரிக்க மண்ணில் பிறந்த ஒரே குழந்தை சரோயன். 1908இல், கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில். மூன்று வயது நிறையும் முன்பே தந்தை இறந்துவிட்டார். வழியில்லாத தாய் நான்கு பிள்ளைகளையும் ஓக்லாந்தில் ஓர் அனாதை இல்லத்தில் விட்டார். சுமார் ஐந்து ஆண்டுகள் அங்கே. அந்த ஆண்டுகளுக்குள்ளேதான் 1915 வந்தது. பித்லிஸில் இருந்த ஆர்மீனியர்கள் கொன்றழிக்கப்பட்டார்கள். பிள்ளைகள் ஃப்ரெஸ்னோவுக்குத் திரும்பித் தாயோடு சேர்ந்தபோது, அவர்களைச் சுற்றியிருந்த மாமாக்கள், பாட்டிகள், அண்டை வீட்டார் எல்லோரும் திரும்பிப் போக ஊர் இல்லாதவர்கள். அந்தப் பையன் தெருவில் பத்திரிகை விற்றான். பிறகு தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்தான். உலகம் நல்லது என்று இவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க வாய்ப்பில்லை. தந்தையில்லாத, ஊரில்லாத ஒருவர் எல்லாவற்றையும் பார்த்த பிறகு மகிழ்ச்சியைத் தேர்ந்துகொண்டார். அதை அப்பாவித்தனம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

நம்மில் பலர் அறியாமலேயே அவரைப் படித்திருக்கிறோம். என்.சி.இ.ஆர்.டி.யின் பதினோராம் வகுப்பு ஆங்கிலத் துணைப்பாட நூலில் முதல் கதை அவருடையது. அழகான வெள்ளைக் குதிரையின் கோடைகாலம் பற்றியது. ஒன்பது வயது ஆராமை அதிகாலையில் எழுப்ப அவனுடைய ஒன்றுவிட்ட சகோதரன் முராத் வருகிறான், ஒரு வெள்ளைக் குதிரையின் மேல். திருடிய குதிரை. பரம்பரையில் நேர்மைக்குப் பேர்போன, பரம ஏழைக் குடும்பம் அது. பையன்கள் குதிரையை ஒளித்து வைத்து விடியற்காலைகளில் சவாரி செய்கிறார்கள். குதிரைக்குச் சொந்தக்காரரான ஜான் பைரோ ஒரு நாள் அவர்களை வழியில் எதிர்கொள்கிறார். குதிரையின் வாய்க்குள் பார்க்கிறார். ஒவ்வொரு பல்லும் தன் குதிரையின் பல். உன் பெற்றோரைத் தெரியாமல் இருந்தால் இது என் குதிரை என்று சத்தியம் செய்வேன் என்கிறார். சந்தேகப்படுகிறவன் மனத்தை விட்டுவிட்டுக் கண்ணை நம்புவான் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். மறுநாள் காலை குதிரை அவருடைய கொட்டிலுக்குத் திரும்புகிறது.

வகுப்பறையில் இது நேர்மையைப் பற்றிய நீதிக்கதை ஆகிவிடுகிறது. ஜான் பைரோ ஏன் சிறுவர்களைக் குற்றம் சாட்டவில்லை, நான்கு வரிகளில் விடை தருக. குழந்தைகள் விடை எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிறார்கள். ஆனால் கதையின் நடுவே ஒரு காட்சி இருக்கிறது. குதிரையைப் பறிகொடுத்த பைரோ ஆராமின் வீட்டில் வந்து உட்கார்ந்து புலம்புகிறார். அவர் ஓர் அசிரியர்; மேற்காசியாவின் பழமையான கிறிஸ்தவச் சிறுபான்மை இனத்தவர். தனிமை தாங்காமல் ஆர்மீனிய மொழியைக் கற்றுக்கொண்டவர். எதற்கெடுத்தாலும் எரிந்து விழும் கோஸ்ரோவ் மாமா அங்கே இருக்கிறார். தன் வீடு தீப்பற்றி எரிகிறது என்று மகன் ஓடிவந்து சொன்னபோதுகூட, அதனால் ஒன்றும் குறைந்துவிடாது என்று முடிதிருத்தகத்தில் உட்கார்ந்தபடி கர்ஜித்தவர் அவர். குதிரைக்காக அழும் பைரோவிடம் அவர் கத்துகிறார்: "தாய்நாட்டையே நாமெல்லாம் இழக்கவில்லையா? ஒரு குதிரைக்காக என்ன அழுகை!"

இந்த ஒரு வரியைக் கடந்த பிறகும் இதைக் குழந்தைகளின் குறும்புக்கதை என்று படிக்க முடியுமா? தன் மொழியைப் பேச ஆளில்லாத ஒருவர், அதே போல் நாடிழந்த வேறொரு கூட்டத்தின் மொழியைக் கற்றுக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு வந்து உட்காருகிறார். அந்த வீட்டுப் பையன் திருடிவிட்டான் என்று தெரிந்தும், இருக்கிற ஒரே உறவை உடைக்க அவருக்கு மனம் வரவில்லை. சரோயன் இதில் எதையும் விளக்குவதில்லை. குதிரை ஓடுகிறது, மாமா கத்துகிறார், பையன்கள் சிரிக்கிறார்கள். துயரம் முழுவதும் அடியில் ஓடுகிறது.

'எழுபதாயிரம் அசிரியர்கள்' இதைவிடப் பெரிய கதை என்பது என் கணிப்பு. சான்ஃபிரான்சிஸ்கோவின் மூன்றாம் தெருவில் முடிதிருத்தக் கற்றுக்கொடுக்கும் பள்ளி. பழகுநர்கள் வெட்டுவதால் 15 சென்ட்தான் கூலி. கதைசொல்லி அங்கே போய் உட்காருகிறார். வெட்டுகிறவர் தியடோர் படால், அசிரியர். உங்கள் மொழியைப் படிக்கத் தெரியுமா என்று பேச்சு போகிறது. எதற்குப் படிக்க வேண்டும், எங்கள் இனம் முடிந்துபோன கதை என்கிறார் படால். உலகம் முழுவதும் மிஞ்சியிருப்பவர்கள் எழுபதாயிரம் பேர்தான் என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார். ஈராக்கில் அசிரியர்கள் கொன்று குவிக்கப்பட்ட சிமேல் படுகொலை நடந்தது 1933 ஆகஸ்டில்; கதை 1934இல் வெளிவந்தது. உலகம் பொருட்படுத்தாத அந்தச் சாவை ஒரு முடிதிருத்தும் நாற்காலிக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் சரோயன். கதையின் நடுவிலேயே, எனக்கு ஏதாவது ஆசை உண்டென்றால் அது மனிதர்களின் சகோதரத்துவத்தைக் காட்டுவதுதான் என்று வெளிப்படையாக எழுதிவிடுகிறார். இப்படிப் போட்டு உடைக்கக் கூடாது என்று நவீன இலக்கியம் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. படாலின் குரலைக் கேட்ட பிறகு அந்த விதி எனக்குச் சின்னதாகத் தெரிகிறது.

அவரைப் பிரபலமாக்கிய முதல் கதையிலும் இதே குணம்தான். பட்டினி கிடக்கும் இளம் எழுத்தாளன் தெருவோரச் சாக்கடையில் ஒரு பென்னியைக் கண்டெடுக்கிறான். 1923இல் அச்சிட்டது. அதை அறைக்குக் கொண்டுவந்து தேய்த்து மெருகேற்றி மகிழ்கிறான். உயிர் பிரியும் தறுவாயில் அவன் நினைப்பது, அந்தக் காசை ஏதாவது ஒரு குழந்தைக்குக் கொடுத்திருக்கலாமே, குழந்தை எதையாவது வாங்கியிருக்குமே என்று. சாகிறவனுக்குத் தன்மேல் பரிதாபம் இல்லை என்பதால்தான் அந்தக் கதை இன்றும் நிற்கிறது.

விமர்சகர்கள் சொன்னதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. சரோயன் அளவுக்கு மீறி எழுதினார். அந்த முதல் கதை ஏற்கப்பட்ட உற்சாகத்தில், 1934 ஜனவரி முழுவதும் நாளுக்கொரு கதை எழுதி 'ஸ்டோரி' ஆசிரியர்களுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தவர் அவர். அந்த வேகம் இளமையில் அவருக்குக் கிடைத்த வரம். பிற்காலத்தில் அதுவே அவரைத் தின்றது. திருத்தி எழுதும் பொறுமை அவரிடம் இல்லை. சூதாட்டம், வரிக்கடன், ஒரே பெண்ணை இருமுறை மணந்து இருமுறை பிரிந்த இல்வாழ்க்கை என்று வாழ்வும் சிதறியது. கடன் அடைக்க எழுதியவற்றில் பல தளர்ந்தவை. 1943இல் வந்த 'மனித நாடகம்' என்ற அவருடைய புகழ்பெற்ற நாவலில்கூட, போர்ச்சாவுத் தந்திகளைச் சுமந்து செல்லும் சிறுவனின் பகுதிகள் நெஞ்சைப் பிசைகின்றன. பெரியவர்கள் தத்துவம் பேசும் இடங்கள் அலுப்பூட்டுகின்றன. இவற்றையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். அதற்காக 1934 முதல் 1940 வரை எழுதிய கதைகளையும் சேர்த்துத் தூக்கி எறிவது என்ன நியாயம்? எழுத்தாளரை அவருடைய உச்சத்தை வைத்து அளக்க வேண்டும். மற்றவர்களுக்குத் தரும் அந்த மரியாதையைச் சரோயனுக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்?

புதிதாகப் படிக்க விரும்புகிறவர்கள் 1940இல் வந்த ஆராம் கதைத் தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். வெள்ளைக் குதிரைக் கதையை ஏற்கெனவே படித்திருந்தால் நேராக 'மாதுளை மரங்கள்' கதைக்குப் போங்கள். விவசாயம் தெரியாத மெலிக் மாமா வறண்ட பாலை நிலத்தை வாங்கி அதில் மாதுளந்தோப்பு போடக் கனவு காண்கிறார். பழங்களைச் சிகாகோவுக்கு அனுப்பினால் அங்கே மாதுளை என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியவில்லை. நிலமும் கைவிட்டுப் போகிறது. சில வருடங்கள் கழித்து மாமாவும் மருமகனும் அந்தத் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். வழியில் பேச்சே இல்லை. சொல்ல அவ்வளவு இருந்தது, அதைச் சொல்ல மொழிதான் இல்லை என்று ஆராம் முடிக்கிறான். இதில் மிகையுணர்ச்சி எங்கே இருக்கிறது என்று யாராவது எனக்குக் காட்டட்டும்.

அந்தத் தொகுப்பில் மொத்தம் 14 கதைகள். எளிய வாக்கியங்கள்; கல்லூரி மாணவர் ஒருவர் அகராதி இல்லாமலே படித்துவிடலாம். நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அந்த 14 கதைகளையும் ஒன்றுவிடாமல் தமிழில் தர முன்வந்தால், முதல் பிரதியை வாங்க நான் காத்திருக்கிறேன்.